சேறு காத்த வேண்டுதல்கள்

இத்தாலியில் சான் கஷானோ தெய் பாஞி என்னும் சிற்றூரின் வெந்நீரூற்றுச் சேற்றிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள் மீட்கப்பட்டமை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நோய் தீர நேர்த்தி வைத்தோர் இட்ட உடலுறுப்பு உருவங்களும் ஆயிரக்கணக்கான நாணயங்களும் உடன் கிடைத்தன.

பத்திரிகைகள் சிலைகளின் அழகை வியந்தன. என்னை ஈர்த்தவையோ அவற்றின்மீதுள்ள எழுத்துக்கள். எத்ருஸ்க மொழியிலும் இலத்தீனிலும் அவை பொறிக்கப்பட்டிருந்தன. எத்ருஸ்கரின் நகரங்கள் உரோமுக்கு அடங்கி, அவர்களது மொழி அருகிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் தம்மைப் பற்றி எழுதிய வரலாற்று நூல் ஒன்றேனும் எஞ்சவில்லை. நாம் வாசிப்பதெல்லாம் கிரேக்கரும் உரோமரும் எழுதியவையே. ஆதலால் இக்காணிக்கைகள் தரும் சாட்சியம் பெரிது: வென்றோர் மொழியும் தோற்றோர் மொழியும் ஒரே ஊற்றின் முன் நலம் வேண்டி நின்றிருக்கின்றன.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அத்தலத்தைக் கைவிட்டோர், ஊற்றைத் தூண்களால் மூடிச் சென்றனர், உள்ளிருந்தவற்றை உடைக்கவில்லை.