இல்லாத சிற்பியின் மீன்கள்

உருகிச் சொட்டிய தழும்பும் அறுத்த விளிம்பும் மறைக்கப்படாத பழைய உலோக மீன்களை இன்று ‘புரூட்டலிசச் சிற்பம்’ என்று பழம்பொருள் வணிகர் விற்கின்றனர். அப்பெயர் இரவல். மேற்பூச்சற்ற கான்கிரீட்டைக் குறித்த பிரெஞ்சு வழக்கை ஒட்டிக் கட்டடக்கலையில் எழுந்த சொல் அது. ரெய்னர் பானம் 1955இல் எழுதிய கட்டுரையால் பரவியது. உலோகத்திற்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

பற்றவைப்பும் இரவலே, ஆலையிலிருந்து கலைக்கு வந்தது. ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் முதல் உலகப்போர்க் காலத்தில் பாரிசை அடுத்த ரெனோ மோட்டார் ஆலையில் அதனைக் கற்றார். 1928 முதல் பிக்காசோவின் இரும்புச் சிற்பங்களுக்குத் துணை நின்றார்.

அமெரிக்காவில் இக்கலை கடலை நாடியது. தியோடர் ரோசாக் 1952-53இல் ‘நான்டக்கெட் திமிங்கில வேட்டையன்’ என்னும் எஃகுச் சிற்பத்தைப் படைத்தார். பல் மருத்துவரான சீமோர் லிப்டன் 1955இல் ‘கடலரசன்’ செய்தார். மோனல் தகட்டின்மேல் நிக்கல்-வெள்ளிக் கம்பியை உருக்கிப் படரவிடுவது அவர் முறை. நிக்கலும் செம்பும் கலந்த மோனல் உப்புநீரின் அரிப்பைத் தாங்குவது. கப்பல் உறுப்புகளுக்கு உரியது. கடலுக்கென்றே அமைந்த உலோகத்தில் கடலரசன் எழுந்தான்!

அருங்காட்சியகத்திலிருந்து வீட்டுச் சுவருக்கு இக்கலையைக் கொணர்ந்தது ஆர்ட்டிசன் ஹவுஸ். கர்ட்டிஸ் ஃபிரைலர், ஜெரி ஃபெல்ஸ் என்னும் இருவர் 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. செம்பு, பித்தளைத் தகடுகளை மீனாக வெட்டி, தீ நாவால் வண்ணம் ஏற்றி, கம்பிகளில் கூட்டமாகப் பற்றவைத்தனர். சூடுபட்ட செம்பு தானே செவ்வூதாவும் பொன்னுமாக மாறும், தூரிகை எதற்கு?

படைப்புகளில் ‘சி. ஜெரே’ என்னும் கையொப்பம் இருக்கும். அப்படி ஒரு சிற்பி பிறந்ததேயில்லை. இருவர் பெயர்களின் துண்டுகளை ஒட்டிய புனைபெயர் அது. பற்றவைத்தவர்களோ ஆலைத் தொழிலாளர். நம் சங்கத் தொகையில் இயற்பெயர் மறைந்த புலவர்க்குப் பாட்டின் தொடரே பெயரானது, செம்புலப்பெயனீரார் அத்தகையவர். அங்கே ஆள் இருந்தார், பெயர் தொலைந்தது. இங்கே பெயர் நிலைத்தது, அதற்குரிய ஆள் இல்லை. இந்த வேறுபாட்டைக் கலை வரலாறு போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை.

நிறுவனம் கைமாறிய பின்னும் அக்கையொப்பம் தொடர்ந்தது. வாங்குவோர் இன்றும் முதலில் தேடுவது அதைத்தான். தீ நாவைப் பிடித்த கையின் அடையாளம், செதிலோரத்தில் உறைந்த பித்தளைத் துளி மட்டுமே.