லாங் ரைடு போற உயரமானவரா நீங்க? சீட் உயரம் மட்டும் பார்த்தா போதாது... இந்த அளவுதான் முக்கியம்!

சென்னையில் இருந்து பைக்கில் கிளம்பி, திருச்சியைத் தாண்டி விராலிமலையில் திரும்பி, இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் போய்ச் சேர 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அங்கே சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்தைப் பார்க்க மலையும் ஏறணும். ஆனால் ஆறடி உயரம் உள்ள பலருக்கு, பைக்கை விட்டு இறங்கும்போதே முட்டி மடக்க முடியாமல் வலிக்கும், பாதம் மரத்துப்போயிருக்கும்.

"வயசாயிடுச்சு" என்றோ "ரோடு சரியில்ல" என்றோ அதைக் கடந்து போய்விடுவோம். பல நேரம் காரணம், வண்டிக்கும் காலுக்கும் பொருந்தாததுதான். அது ஏன், என்ன செய்யலாம்னு பார்ப்போம்.

சீட் உயரம் என்ன சொல்லும்?

ஷோரூமில் முதலில் சொல்வது சீட் உயரத்தைத்தான். அது தரையில் இருந்து சீட் வரைக்குமான அளவு. வண்டி நிற்கும்போது கால் தரையில் ஊன்றுமா என்பதை மட்டும்தான் அது சொல்லும். உயரம் குறைவானவர்களுக்கு அது அவசியம்.

உயரமானவர்களுக்குக் கால் ஊன்றுவது பிரச்னையே இல்லை. வண்டி ஓடும்போது கால் இருப்பது ஃபுட் ரெஸ்ட்டில். அதனால் அவர்கள் பார்க்க வேண்டியது, சீட்டில் இருந்து ஃபுட் ரெஸ்ட் வரை எவ்வளவு இடைவெளி என்பதைத்தான். இந்த அளவு பெரும்பாலான விளம்பரத் தாள்களில் இருக்காது. டேப் வைத்து நாமே அளக்கணும்.

ஒரே இன்ஜின், வேற உட்காரும் விதம்

ராயல் என்ஃபீல்டு 2018-ல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் ஒரே 648 சிசி இன்ஜின்தான். ஆனால் கான்டினென்டல் ஜிடியில் ஃபுட் ரெஸ்ட் பின்னாடி தள்ளி இருக்கும், ஹேண்டில்பாரும் தாழ்வு. கால் அதிகமாக மடங்கும், உடம்பு முன்னே சாயும். நீண்ட தூரத்துக்கு உயரமானவர்களுக்கு இன்டர்செப்டர் சுலபமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

மீட்டியார் 350-ன் சீட் உயரம் 765 மி.மீ. கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்தால் மீட்டியார் உயரமானவர்களுக்கு ஆகாது என்று தோணும். ஆனால் அதில் ஃபுட் ரெஸ்ட் முன்னாடி இருப்பதால் கால் முன்னோக்கி நீளும். இதில் ஒரு குறையும் உண்டு. கால் முன்னே போனால் எடை முழுக்க இடுப்பிலும் கீழ்முதுகிலும் இறங்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது காலை ஊன்றி எழும்பவும் முடியாது.

2023-ல் வந்த ஹிமாலயன் 450-ல் சீட்டை 825 மி.மீ., 845 மி.மீ. என இரண்டு உயரத்தில் மாற்றி வைக்கலாம். அந்த 2 செ.மீ. முட்டியின் மடிப்பைக் குறைக்கும். உயரமானவர்கள் வண்டி எடுக்கும்போதே மேல் நிலையில் வைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

வெறும் வலிதானா?

இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால், கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 190 செ.மீ.-க்கு மேல் உயரமானவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் அதில் இருந்தது. அந்த ஆய்வு விமானம், ரயில், பேருந்து, கார் பயணங்களைப் பற்றியது. மொத்தத்தில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் முட்டியை மடக்கி மணிக்கணக்காக ஒரே மாதிரி உட்காரும் பைக் பயணிகளும் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் மருத்துவரைப் பார்க்கணும்.

இன்னொரு ஆபத்து பிரேக். கால் வலிக்கிறதே என்று பலரும் கிராஷ் கார்டு மேல் காலை நீட்டிக்கொள்கிறார்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, கால் திரும்பி பிரேக் பெடலுக்கு வர அரை விநாடி ஆனாலும் வண்டி 11 மீட்டர் ஓடியிருக்கும். ஆடு மாடு குறுக்கே வரும் ஊர்ச் சாலைகளில் அந்த 11 மீட்டர் பெருசு.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* ரைடுக்குப் போடும் அதே ஷூவோடு போங்க. பெரிய சைஸ் ஷூ கியர் லிவருக்கு அடியில் நுழையுதா என்று பாருங்க.
* இரண்டு காலையும் ஃபுட் ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்க. முட்டி செங்கோணத்தை விட அதிகமாக மடங்கினால் அந்த வண்டி யோசிக்க வேண்டியது.
* ஹேண்டில்பாரை முழுசா திருப்புங்க. முட்டியில் இடிக்கக் கூடாது. டேங்க்கின் குழிவுக்குள் முட்டி உட்காரணும்.
* ஐந்து நிமிஷ டெஸ்ட் ரைடு போதாது. முடிந்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்க.

ஏற்கெனவே வாங்கியாச்சு, இப்போ என்ன?

குறைந்த செலவில் இருந்து ஆரம்பிக்கலாம். கியர் லிவர், பிரேக் பெடல் உயரத்தைப் பல வண்டிகளில் மெக்கானிக் கொஞ்சம் ஏற்றி இறக்கித் தருவார். பாதி மரத்துப்போகும் பிரச்னை இதிலேயே குறையும்.

அடுத்து, சீட் ஃபோம். 2, 3 செ.மீ. உயர்த்தினால் காலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஹேண்டில்பார் அதே இடத்தில் இருப்பதால் கூன் விழாமல் கை எட்டுகிறதா என்று பார்த்துக்கணும்.

ஃபுட் ரெஸ்ட்டைக் கீழே இறக்குவது கடைசி வழி. வளைவில் சாயும்போது அது சீக்கிரம் தரையில் உரசும். வெல்டிங் வைத்து மாற்றுவது வேண்டவே வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் தடை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

பின்னாடி உட்காருபவரை மறக்காதீங்க. அவருக்கு ஃபுட் ரெஸ்ட்டும் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அவருடைய ஃபுட் ரெஸ்ட் பொதுவாக ஓட்டுபவருடையதை விட உயரத்தில் இருப்பதால், உயரமானவர் பின்னாடி உட்கார்ந்தால் அவருக்குத்தான் முட்டி அதிகம் மடங்கும்.

எந்த வண்டியாக இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிஷம் நடங்க. தண்ணீர் குடிங்க. கணுக்காலைச் சுழற்றுங்க. இதுக்குச் செலவே இல்லை.