வரையாடும் அதன் ஆங்கிலப் பெயர்களும்

ஜெகதளாவில் குடியிருப்பவனுக்குப் பெயர்களின் மேல் ஒரு சந்தேகம் தானாகவே வந்துவிடுகிறது. 1850களில் பக்கத்தில் படைக் குடியிருப்பு எழும்பியபோது வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் எடுத்து, தங்கள் நாக்குக்கு ஏற்றபடி ஜக்கதல்லா என்றார்கள். 1860இல் அதையும் விட்டு வெல்லிங்டன் ஆக்கினார்கள். ஒருவகையில் நல்லதே. படகர்களுக்கு அவர்கள் ஊர்ப் பெயர் திரும்பக் கிடைத்தது.

வரையாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில வருஷங்களுக்கு முன் பழைய வேட்டைக் குறிப்பொன்றைத் தமிழாக்கினேன். முக்கூர்த்திச் சிகரத்தை ஒட்டிய பாறைகளில் துரை 'ஐபெக்ஸ்' சுடுகிறார். நான் அகராதியைப் பார்த்துக் 'காட்டு வெள்ளாடு' என்று எழுதினேன். அச்சான பிறகு நண்பர் ஒருவர் கேட்டார்: "நீலகிரியில் ஏதய்யா ஐபெக்ஸ்?" பி.ஏ. ஆங்கிலம் படித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். பதில் என்னிடம் இல்லை.

ஐபெக்ஸ் ஆல்ப்ஸிலும் இமயத்திலும் உள்ள பிராணி. தென்னிந்தியாவில் அது கிடையாது. ஆனால் துரை படித்த புத்தகங்களில் செங்குத்துப் பாறைமேல் கொம்போடு நிற்பதற்கு அதுதான் பெயர். அவர் கண்ணால் பார்க்குமுன் பெயர் பார்த்துவிட்டது.

விஞ்ஞானமும் தடுமாறிற்று. 1838இல் ஆகில்பி வைத்த பெயர் கெமாஸ் ஹைலோக்ரியஸ். முதற்சொல் பழங்கிரேக்கத்தில் மானைக் குறிப்பது. இரண்டாவதற்குக் காட்டுச் செம்மறிக்கடா என்று பொருள். காட்டுக்குள் வாழாமல் புல்வெளியிலும் பாறையிலும் வாழும் விலங்குக்கு, மானும் கடாவும் சேர்ந்த ஒரு பெயர். பிறகு இமயத்து விலங்கு ஒன்றோடு சேர்த்து 'ஹெமிட்ராகஸ்', அதாவது அரை வெள்ளாடு, ஆக்கினார்கள். அந்த உறவில் ஒட்டிக்கொண்டதுதான் 'தார்' என்ற இன்றைய ஆங்கிலப் பெயர்.

அந்தச் சொல்லும் இரவல்தான், அதுவும் இடம் மாறிய இரவல். நேபாளத்தில் 'தார்' என்றால் செரோ என்னும் வேறொரு பிராணி. கழுதைக் காதும் குட்டைக் கொம்புமாக, ஆடா மானா என்று தீர்மானிக்க முடியாதது. காட்மாண்டுவில் இருந்த ஹாட்சன் 1831இல் அதற்குத்தான் 'ஆண்டிலோப் தார்' என்று பெயரிட்டார். ஆங்கிலம் தார் என்கிற விலங்கை நேபாளிகள் ஜாரல் என்கிறார்கள். ஆக, அங்கே அபூர்வமான ஒரு ஆண்டிலோப்பின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு ஆட்டுக்குப் போய், அங்கிருந்து எங்கள் மலைக்கு இறங்கியிருக்கிறது.

ஆண்டிலோப் என்பதே விசித்திரமான சொல். இடைக்கால ஐரோப்பிய விலங்கு நூல்களில் அது ரம்பம் போன்ற கொம்பால் மரத்தை அறுக்கும் கற்பனை மிருகம். இன்று மாடு, செம்மறி, வெள்ளாடு போக அந்தக் குடும்பத்தில் மிஞ்சியதெல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறது. எங்கள் வங்கியில் இதர இனங்கள் என்று ஒரு கணக்கு உண்டு; அதைப்போல. தமிழும் இங்கே பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் கொம்பு உதிர்ப்பதையும் உதிர்க்காததையும் நாம் மான் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். இரலை என்ற நல்ல சொல்லைப் புலவர்களிடமே விட்டுவிட்டோம்.

2005இல் ரோபிகேயும் ஹசானினும் மரபணுவை ஆராய்ந்து, தார் என்று வழங்கும் மூன்றும் தனித்தனிப் பேரினங்கள் என்றார்கள். நம்முடையது செம்மறிக்கே நெருங்கிய உறவு. ஆகில்பியின் கடா தற்செயலாகச் சரியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அப்போது வைத்த புதுப் பெயர் நீல்கிரிட்ராகஸ். அதிலும் வெள்ளாடுதான்.

தமிழ்ச் சொல் இத்தனைக்கும் அசையவில்லை. காரணம் ஞானமல்ல, அடக்கம். 'ஆடு' செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொது. 'வரை' இருக்குமிடம். அதற்கு மேல் அது எதுவும் சொல்ல முன்வரவில்லை. பழம்பெயர் வருடை. பட்டினப்பாலையில் மூட்டைக் குவியல்மேல் நாயும் தகரும் தாவுவதற்கு உவமையாக அது வருகிறது. அங்கே வருடைக்கு அடையாக நிற்கும் 'வரையாடு' விலங்கல்ல, வினை: மலையில் உலாவுகிற. பரிபாடலில் வருடை மேட ராசிக்குப் பெயர். ஆகில்பி எடுத்த கிரேக்கக் கடாவும் அந்த ராசியின் பெயரே. இவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது 'நீலகிரி தார்' என்று தமிழிலேயே எழுதுகிறார்கள். எனக்குக் குன்னூர் சாலையில் கொதிக்கும் பீப்பாய்தான் ஞாபகம் வருகிறது.

மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்தேன். எல்லா இடத்திலும் 'வரையாடு' என்று போட்டுவிட்டுப் படித்தால் அதுவும் பொய்யாக இருந்தது. துரைக்கு இல்லாத அறிவை நான் கொடுத்துவிட்டேன். அவர் சுட்டது ஐபெக்ஸைத்தான். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் ஏறினார். கடைசியில் அவர் வாயில் ஐபெக்ஸை அப்படியே விட்டேன். கூடவந்த வழிகாட்டி பேசுகிற இடம் அந்தக் குறிப்பு முழுவதிலும் ஒன்றே ஒன்று. அங்கே மட்டும் வரையாடு.