உறுமி வந்தது, குதிரை வரவில்லை

ஸ்டார்கிராஃப்ட் போன்ற விண்வெளி யுத்த விளையாட்டுகளில் புதிதாக ஒரு படைப்பிரிவு சேர்க்கிறார்கள் என்றால் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. லேசர் கக்கும் சிலந்தியை விட்டாலும் சரிதான், எதிரிக்கும் ஒரு வழி இருந்தால் போதும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற சரித்திர விளையாட்டுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. புதிதாக ஒரு வீரனை இறக்கினால், "இவன் எந்தக் கல்வெட்டில் இருக்கிறான்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. தமிழ்ப் படைக்கு அந்தச் சோதனை வந்தது 2022ல்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999ல். அதில் 13 நாகரிகங்கள். அடுத்த ஆண்டு கான்கரர்ஸ் வந்து இன்னும் 5 சேர்ந்தன. ஹூணர் உண்டு, கொரியர் உண்டு, மாயர் உண்டு, இந்தியா மட்டும் இல்லை. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்து ப்ரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசைக் கரைத்த பையன்கள் எல்லாம் அந்தக் காலத்தில் ஜப்பானியராகவோ பிரிட்டானியராகவோதான் சண்டை போட்டார்கள். 2013ல் 'இந்தியர்' என்று மொத்தமாக ஒரு நாகரிகம் வந்தது. ஒட்டகமும் யானை வில்லாளியும் கொடுத்துவிட்டு, காஷ்மீர் முதல் குமரி வரை கணக்கை முடித்துவிட்டார்கள்.

2022 ஏப்ரல் 28ல் வெளியான டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியாவில்தான் அது பிரிந்தது. பழைய இந்தியருக்கு ஹிந்துஸ்தானியர் என்று பெயர் மாறியது. வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று மூன்று புது நாகரிகங்கள். திராவிடர் பேசுவது தமிழ். ராஜேந்திர சோழனுக்குத் தனியாக ஒரு கதைத்தொடரே உண்டு.

திராவிடருக்கென்று கொடுத்த இரண்டு புதுப் படைகள் உறுமி வாள்வீரனும் திரிசடை என்ற போர்க்கப்பலும். (உறுமி என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது திருவிழா மேளம்தான். இந்த வாளைத் தமிழில் சுருள்வாள் என்பார்கள்.) வளையும் தகட்டை அவன் சுழற்றினால் சுற்றி நிற்கிற எல்லோருக்கும் அடி விழும். பார்க்க அமர்க்களம்! ஆனால் சுருள்வாள் களரியில் தனி ஆளாக நின்று சுழற்றும் ஆயுதம். தோளோடு தோள் உரசி அணிவகுத்து நிற்கும்போது அதை வீசினால் முதலில் காயப்படுவது பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரன்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் படைகள் வில்லிகள், கைக்கோளர், வேளைக்காரர், குதிரைச் சேவகர், ஆனையாட்கள் என்று போகின்றன.

ஆக, சேர்த்த படையில் சரித்திரம் கொஞ்சம் இளைப்புதான். ஆனால் சேர்க்காமல் விட்டதில் அசத்திவிட்டார்கள்.

திராவிடருக்கு நைட் எனப்படும் கனரகக் குதிரைவீரன் கிடையாது. விளையாடுபவர்கள் அதிகம் புலம்புவது இதற்குத்தான். ஆனால் தமிழ்நாட்டு அரசர்களின் நிரந்தரத் தலைவலியே இதுதான்! நல்ல போர்க்குதிரை இங்கே வளரவில்லை, எல்லாம் இறக்குமதி. கடல் வழியாக வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதையும் எங்கே ஆரம்பிக்கிறது? பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில்தானே! நரி பரியானது அப்புறம்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: இங்குள்ள ராஜாக்கள் ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வைத்தியர் யாரும் இந்தப் பக்கம் வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த ஆர்டர்!

பாரசீகரான வஸ்ஸாஃப் கணக்கையே போட்டுவிட்டார். ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்று 220 தினார், மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் பணம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். சரக்கு வந்து சேராவிட்டாலும் நஷ்டம் வாங்குபவன் தலையில் என்றால், இதைவிட மோசமான கொள்முதல் ஒப்பந்தத்தை எந்த காமர்ஸ் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது. நைட் இல்லையே என்று புலம்புகிறவர்கள் இந்த பில்லை ஒருமுறை பார்க்கலாம்.

குதிரைக்குப் பதில் இருந்தது யானை. விளையாட்டிலும் அப்படியே: விலை அதிகம், வேகம் குறைவு, ஈட்டிக்காரர் கூட்டமாக வந்தால் காலி. சரித்திரத்தில் யானையின் ஆபத்து அதன் உயரம். மேலே உட்கார்ந்திருக்கும் ராஜாவை எதிரிப்படை முழுக்கப் பார்க்கலாம். 949ல் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்தான். 1054ல் கொப்பத்தில் சாளுக்கியரோடு நடந்த போரில் ராஜாதிராஜனும் அப்படித்தான். கல்வெட்டுகளில் 'ஆனைமேல் துஞ்சின' என்பது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. கொப்பத்தில் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரை ஜெயித்தான் என்பது வேறு விஷயம்.

இன்னொரு நல்ல தேர்வு 'ஊட்ஸ் ஸ்டீல்'. இதை ஆராய்ந்துவிட்டால் திராவிட வீரனின் வெட்டு எதிரியின் கவசத்தைக் கண்டுகொள்ளாது. ஊட்ஸ் என்ற சொல்லே உருக்கு, உக்கு என்ற நம் பக்கத்துச் சொற்களிலிருந்து போனது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. குதிரைக்காகப் பொன்னைக் கொட்டிய நாடு, எஃகை வெளிநாட்டுக்கு விற்ற நாடும்கூட.

புதுப் படை ஒன்று வேண்டும் என்றால் உறுமியை விட வேளைக்காரர் பொருத்தமாக இருந்திருப்பார்கள். அரசனுக்காக உயிரையே கொடுப்பதாகச் சத்தியம் செய்த படை அது. ராஜா செத்தால் ஆட்டம் முடியும் ரெஜிசைட் முறைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஒரே சிக்கல், இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் இருந்த வேளைக்காரர் படையைச் சோழர் மீது ஏவியபோது, போக மாட்டோம் என்று அரசனுக்கு எதிராகவே திரும்பிப் பொலன்னறுவை அரண்மனையைக் கொளுத்திவிட்டார்கள். அதை எந்தப் பட்டனில் வைப்பது என்று விளையாட்டு தயாரிப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.