தேடினால் கிடைக்காத தமிழ்

'முட்டம்' என்று கூகுளில் தட்டினால் இன்று எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கமும், இங்கே படமெடுத்த 'அலைகள் ஓய்வதில்லை'யும் (1981) வந்து நிற்கின்றன. 1999-ல் யாராவது இந்த ஊரைப் பற்றி இணையத்தில் தமிழில் எழுதியிருந்தால், தேடுபொறிக்கு அது தமிழாகவே தெரிந்திருக்காது நண்பர்களே!

காரணம் குறியாக்கம். அன்றைய எழுத்துருக்களில் இருந்தது மொத்தம் 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக, மிச்சத்தில்தான் தமிழைத் திணித்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அவை ஐரோப்பிய எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்துரு. ஒன்றில் 'மு'வுக்கு இருக்கும் எண் இன்னொன்றில் வேறு எழுத்துக்கு! சரக்கு கிடங்கில் இருக்கிறது, பேரேட்டில் பதிவில்லை என்கிற கதை (வணிகவியல் புத்தி, மன்னிக்கவும்).

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு தரங்களை ஏற்றது. புலம்பெயர்ந்தோர் பலர் திஸ்கியில் எழுதினார்கள். ஆக மூன்று! இத்தனைக்கும் 1991-லேயே யுனிகோடில் தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸில் அதைச் சரியாகக் காட்ட வழியில்லையே.

அதன்பின் யுனிகோடில் எழுதி, பக்கத்தின் தலைப்பகுதியில் 'யுடிஎஃப்-8' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், தேடுபொறி தமிழைப் படித்துவிடும். பழையதை மாற்ற சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி உதவியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு வந்தது. தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்ததோ 2010 ஜூனில்தான்.

மாற்ற ஆளில்லாத பக்கங்கள் மட்டும், புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இன்னும் அப்படியே கிடக்கின்றன.