திருவொற்றியூர் தந்த தோழன்

மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆயினும் உடைமைகளின்மீது பற்று வைப்பது அவர்களுக்கு அழகன்று என்பதைக் குருமடத்தில் நமக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்தார்கள். அதை மறந்துவிடாமல்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்குகிறோம். நாம் எழுத எண்ணுவது ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி. அதன்மீது நமக்குப் பற்று இருந்தது. இன்றும் அது முற்றிலும் விட்டபாடில்லை. ஓர் இயந்திரத்தின்மீது வைத்த அன்பு ஒருவனுக்கு எதைக் கற்பிக்கக்கூடும் என்பதைச் சொல்வதற்கு, அவ்வியந்திரத்தின் வரலாற்றையும் சற்றே சொல்லவேண்டியிருக்கிறது.

1998ஆம் ஆண்டு நாம் குருப்பட்டம் பெற்றோம். சிவகங்கைச் சீமையில், மழையை நம்பி வாழும் ஒரு பகுதியில், முதற்பணி கிடைத்தது. பங்கின் தலைமை ஊரைச் சுற்றிப் பதின்மூன்று கிளைக் கிராமங்கள். கடைசிக் கிராமம் 14 கிலோமீட்டர் தொலைவில். நடுவே செம்மண் சாலை, சீமைக்கருவேலங்காடு, கண்மாய்க்கரை. பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நிலைமையைக் கேள்விப்பட்ட நம் தமையனார், ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரிடமிருந்து 1984ஆம் ஆண்டில் செய்த புல்லட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். கறுப்பு வண்ணம், பெட்ரோல் டேங்கின் விளிம்பில் பொன்னிறக் கோடு. அந்தக் கோட்டை இழுத்தது இயந்திரமன்று, தூரிகை பிடித்த ஒரு மனிதக் கை என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தோம்.

புல்லட்டைத் தமிழகத்து வண்டி என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது பிறந்தது இங்கிலாந்தில். ரெட்டிச் என்னும் ஊர் ஒரு காலத்தில் ஊசி செய்வதற்குப் பெயர் பெற்றது. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் 1851இல் தொடங்கிய ஊசித் தொழிற்கூடமே, காலப்போக்கில் மிதிவண்டி செய்யும் நிறுவனமாக மாறியது. என்ஃபீல்டு என்ற இடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் வாய்ப்புக் கிட்டியதை ஒட்டி, 1893இல் ராயல் என்ஃபீல்டு என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1901இல் அதன் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் சூட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், பின்சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் அமைப்போடு, நாம் அறிந்த வடிவத்தில் அது மறுபிறவி எடுத்தது.

விடுதலை பெற்ற இந்தியாவின் இராணுவம் எல்லைச் சாலைகளில் ரோந்து செல்ல உறுதியான வண்டியைத் தேடியபோது, தேர்வு புல்லட்டின்மேல் விழுந்தது. 1955இல் ஆங்கில நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. தொழிற்சாலைக்குத் தேர்ந்த இடம் வடசென்னைக் கடற்கரையை அடுத்த திருவொற்றியூர். தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன; இங்கே பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் வார்ப்பு முதல் திருகாணி வரை எல்லாம் இங்கேயே உருவாகலாயின.

திருவொற்றியூர் பட்டினத்தாரின் சமாதி அமைந்த ஊர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பெருஞ்செல்வரான அவரை ஓர் ஊசி துறவியாக்கிற்று என்பதும் தமிழகம் அறிந்த கதையே. ஊசி செய்த கூடத்தில் கருவான வண்டி அந்த ஊருக்கு வந்து குடியேறியது தற்செயலே. ஆயினும், நம் வண்டியைக் குறித்துப் பெருமை தலைக்கேறிய நாள்களில் அதை நினைத்துக்கொள்வது உதவியாக இருந்தது.

தாய் நிறுவனத்தின் கதை வேறுவிதமாய் முடிந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் மட்டும் உலை அணையவில்லை. 1977இல் இங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் மறைந்துபோன ஒன்றை மகள் வீட்டிலிருந்து வாங்கிச் செல்லும் நிலை உண்டாயிற்று.

இவ்வளவு நீண்ட ஆயுளின் காரணம் என்ன? நாம் கண்டவரை, அது மனிதனின் அறிவுக்கு எட்டுகிற வண்டியாக இருந்தது. ஒரே சிலிண்டர், விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. வீச்சு நீண்டிருப்பதாலும், உள்ளே கனத்த சக்கரம் ஒன்று சுழல்வதாலும், அது பதறாமல் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து ஓடும். புல்லட்டுக்கே உரிய அந்த ஓசையின் இரகசியம் இதுவே. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்த, முகப்பிலுள்ள ஆம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து மீண்டும் நடுவுக்கு வரும். டிகம்ப்ரஷன் பிடியைத் தொட்டு, பிஸ்டனை உச்சி கடக்கவிட்டு, அதன்பின் முழு மூச்சாய் ஓர் உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் இரண்டுமுறை அடி வாங்கிய பிறகே பொறுமையைக் கற்றோம்.

நம் வண்டியின் ஓசை நமக்கு முன்னே ஊர்களுக்குள் சென்றது. கண்மாய்க்கரையில் ஏறும்போதே கோயில் வாசலைப் பெருக்கத் தொடங்குவார்கள். உபதேசியார் மணியை அடிப்பார். சிறுவர்கள் ஓடி வருவார்கள். வழக்குத் தீர்க்க வேண்டியவர்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். நம்மைக் காண விரும்பாதவர்கள் கொல்லைப்புறமாய் நழுவுவார்கள்.

இங்கே வேறொரு வரலாற்றையும் நினைவுகூர்தல் வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த அமலமரி தியாகிகள் சபைக் குரு பவுல் ஷுல்ட்டே முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். ஆப்பிரிக்காவில் மறைப்பணி ஆற்றிய அவருடைய நண்பர் காய்ச்சலில் விழுந்து, விரைவாக மருத்துவமனை சேர வாகனம் இன்றி உயிர்நீத்தார். அந்தத் துயரம் அவரை விடவில்லை. மறைப்பணித் தளங்களுக்கு வாகனம் வழங்குவதற்கென்றே 1927இல் மிவா என்னும் அமைப்பை அவர் நிறுவினார். 1938இல் வட துருவப் பகுதியில் நோயுற்றுக் கிடந்த ஒரு குருவைத் தாமே விமானம் ஓட்டிச் சென்று மீட்டார். ஒரு வாகனம் நேரத்தில் போய்ச் சேர்வதும் சேராததும் எத்துணைப் பெரிய செய்தி என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. குருமடத்தில் இதைப் படித்தபோது நமக்கு அது ஒரு வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே இருந்தது.

நம் வண்டியைப் பழுது பார்த்தவர் கடைவீதியில் பட்டறை வைத்திருந்த பாய். 2001ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். ஒருநாள் அவர் கிளட்ச் கேபிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நரம்பு நரம்பாப் பிரிஞ்சிருக்கு சாமி, மாத்திருவோம்" என்றார். திருவிழா வேலை இருந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வாரமும் சொன்னார். அப்போதும் அதே பதிலைச் சொன்னோம்.

பத்து நாள்களுக்குள், அடைமழை பெய்து ஓய்ந்த ஓர் இரவில், கடைசிக் கிராமத்திலிருந்து ஓர் இளைஞன் சைக்கிளில் வந்தான். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் மரணப்படுக்கையில் இருப்பதாகவும், நம்மைக் கேட்டுக்கொண்டேயிருப்பதாகவும் சொன்னான். அவனைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சிமிழையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஊருக்கு எதிர்க்கரையில், மழைநீர் அரித்த ஓர் உடைப்பில் வேகத்தைக் குறைத்துக் கிளட்சைப் பிடித்தோம். கையோடு வந்துவிட்டது கேபிள். வண்டி ஒருமுறை குதித்து நின்றது. கண்மாய் நீருக்கு அப்பால் ஊரின் விளக்குகள் தெரிந்தன. கரையைச் சுற்றிப் போக ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்.

ஏன் நாம் வண்டியைப் போட்டுவிட்டு நடக்கவில்லை என்று பிறகு பலமுறை நம்மையே கேட்டிருக்கிறோம். சேற்றில் அதைத் தள்ளிக்கொண்டிருந்தோம். 160 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அது. வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். அவரும் அவர் மகனும் கை கொடுக்க, கெட்டித்தரை வரை தள்ளி, இறக்கத்தில் கியரைப் போட்டு உருட்டினோம். வண்டி உயிர் பெற்றது. கிளட்ச் இல்லாமலேயே ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் கழிந்திருந்தது.

பெரியவர் சற்றுமுன் கண்ணை மூடியிருந்தார். அவருடைய மனைவி நம்மிடம் குறையாக எதுவும் சொல்லவில்லை. "வண்டிச் சத்தம் கேட்டுச்சு சாமி. 'சாமி வந்துட்டாக'ன்னு அவுகளே சொன்னாக. பெறகு சத்தம் நின்னுபோச்சு. என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக" என்றார். அவ்வளவுதான்.

நோயில்பூசுதல் உயிரோடிருப்போர்க்கு உரிய அருளடையாளம். ஆகவே எண்ணெய்ச் சிமிழைத் திறக்காமலே, இறந்தோர்க்கான மன்றாட்டைச் சொன்னோம். குருவின் தாமதத்தால் இறைவனின் இரக்கம் தடைபடுவதில்லை என்று இறையியல் கற்பிக்கிறது; அதை நாம் உறுதியாக நம்புகிறோம். ஆனால் அந்த நம்பிக்கையை அன்றிரவு நமக்கு ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஷுல்ட்டேயின் நண்பருக்கு வாகனம் இல்லை. நமக்கு வாகனம் இருந்தது. அதைச் சரியாக வைத்திருக்கும் கவனம்தான் இல்லை.

மறுநாள் காலை பாய் வந்து புதுக் கேபிளைப் பூட்டினார். "நீங்கள் இரண்டுமுறை சொன்னீர்கள்" என்றோம். அவர் தலை நிமிராமல், "வண்டியும் சொல்லிக்கிட்டேதான் சாமி இருந்துச்சு. நாமதான் கேக்கலை" என்றார். 'நீங்கள்' என்று சொல்லியிருக்கலாம். 'நாம்' என்று தம்மையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லில் இருந்த பெருந்தன்மையை நாம் மறக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருடைய பட்டறையில் உட்கார்ந்தோம். பிளக்கைத் தேய்க்கவும், பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்க்கவும், சங்கிலியை இறுக்கவும் கற்றோம். பழைய புல்லட்காரர்கள் செய்வதுபோல், பூட்டிய கேபிளின் பக்கத்திலேயே மாற்றுக் கேபிள் ஒன்றையும் கட்டி வைத்தோம். ஓசையில் ஒரு சிறு மாற்றம் தோன்றினாலும் காது அதைப் பிடித்துக்கொண்டது. ஒப்புரவு அருளடையாளத்தில் மக்கள் சொல்வதையும், சொல்லத் தயங்கி விடுவதையும் கேட்கும் பொறுமை நமக்கு முன்னைவிடச் சற்றே கூடியிருந்தால், அதில் அந்தப் பட்டறைக்கும் பங்குண்டு.

புல்லட்டும் இதற்கிடையே தன் சோதனைகளைக் கண்டது. 1980களின் நடுவில் ஜப்பானியத் தொழில்நுட்பத்தோடு 100 சி.சி. வண்டிகள் வந்து, குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடிக் காட்டின. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி இத்தொழிலை மூடிவிடலாமா என்ற கேள்விகூட எழுந்தது. ஆனால் அது பிழைத்தது மட்டுமன்று, தழைத்தும் விட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, 2010ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் விடைபெற்றது. ஒரகடத்திலும் வல்லத்திலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. இன்றைய புல்லட் பொத்தானை அழுத்தினால் புறப்படுகிறது. ஆம்மீட்டர் முள்ளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது நல்லதே. கணுக்காலில் அடிபடுவது புண்ணியமன்று.

2011இல் நம் முதுகெலும்பு தேய்ந்திருப்பதாக மருத்துவர் சொல்ல, வண்டியைக் கைவிட நேர்ந்தது. நல்ல விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள். பாயின் மகனுக்கே கொடுத்தோம். இப்போது நாம் பணிசெய்யும் பங்கில் ஒரு கார் இருக்கிறது. மழையில் நனையாமல், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறோம். நம் வருகை எவருக்கும் கேட்பதில்லை. வீட்டு வாசலில் இறங்கி நின்று குரல் கொடுக்கவேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தப் பழைய ஊரில் ஓர் அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தோம். பாய் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பட்டறையை மகன் நடத்துகிறார். வாசலில் நம் புல்லட் நின்றது. பொன்னிறக் கோடு மங்கியிருந்தது. நாம் கேட்காமலே அவர் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை பொறுத்திருந்துதான் உதைத்தார். நாம் குனிந்து கைப்பிடிக்குக் கீழே பார்த்தோம். கிளட்ச் கேபிள் புதிதாக இருந்தது. அதன் பக்கத்தில் மாற்றுக் கேபிள் ஒன்றும் கட்டப்பட்டிருந்தது.