வளவில் கோழி வளர்க்கப் போகிறவர்களுக்கு: கோழி இனங்களின் கதை



மீள்குடியேறிய நமது குடும்பங்களில் சிலர் வளவில் நாலைந்து முட்டைக் கோழி வளர்க்க யோசிக்கிறார்கள். நல்ல விசயம். 2022 நெருக்கடியில் கோழித்தீன் தட்டுப்பட்டது, முட்டை விலை ஏறியது, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. இதெல்லாம் நாம் கண்டதுதான். குஞ்சு வாங்கும் முன் அதன் வரலாற்றையும் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

நமது தேசியப் பறவையான காட்டுக்கோழிதான் வீட்டுக் கோழியின் மூதாதை என்று நினைப்போம். அப்படியில்லை. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக் கோழியே மூதாதை. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், தாய்லாந்துப் பக்கம் நெல் விளைந்த இடங்களில் அது மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்கிறது 2022 இல் வெளியான ஓர் ஆய்வு. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியும் பின்னர் கலந்திருக்கிறது. மஞ்சள் கால், மஞ்சள் தோல் அதனிடமிருந்து வந்ததென 2008 இல் கண்டறிந்தார்கள்.

அங்கிருந்து கோழி கப்பலேறி உலகம் சுற்றியது. லெகோர்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அங்கிருந்து அமெரிக்கா போன கோழிக்கும் அதுவே பெயரானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் கோழியில் மலாய்ச் சேவலின் இரத்தம் உண்டு. வணிகர் வழியாக ஊர்விட்டு ஊர் போய்ப் பெயர் பெறுவது சோனகர் நமக்குப் புதிதல்ல.

இனி அடையாளம். வெள்ளை உடம்பு, பெரிய ஒற்றைக் கொண்டை, வெள்ளைக் காதுமடல், வெள்ளை முட்டை என்றால் லெகோர்ன். கருஞ்சிவப்பு உடம்பு, கறுத்த வால், சிவப்புக் காதுமடல், மண்ணிற முட்டை என்றால் ரோட் ஐலண்ட் ரெட். கடையில் விற்கும் மண்ணிற லேயர் குஞ்சுகள் பெரும்பாலும் கலப்பினம். ஊர்க்கோழி ஒரே நிறத்தில் நிற்காது. கழுத்து மொட்டை, சிலிர்த்த இறகு என்று பலவிதம். அதைக் காட்டிக்கொடுப்பது குணம்தான்: பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் அடைக்குக் கிடக்கும்.

லேயர் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அதற்கு நிறுத்தாமல் நல்ல தீன் வேண்டும். அடை கிடக்கும் குணத்தையும் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் குஞ்சு தாயைப் போல வராது. ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போகவேண்டும்.

நமக்கு இது வெறும் கணக்கல்ல. 1990 அக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது, வீடு, கடை, நகையோடு வளவில் நின்ற ஆடு கோழியையும் விட்டுப் போனோம். உம்மாமார் அயலில் அடைமுட்டை கேட்டு வாங்கி, பேட்டுக்கு அடியில் வைத்துப் பெருக்கிய வம்சம் நமக்கு அன்றோடு அறுந்தது. புத்தளத்து முகாம் ஓலைக் கொட்டிலுக்குள் அதை யார் கொண்டு போக முடியும்? திரும்பி வந்தவர்களுக்கு வளவு கிடைத்தாலும், அந்தப் பழைய பேடுகள் காத்திருக்கவில்லை.

ஆகவே நமது யோசனை இது. உடனடி முட்டைக்கு மூன்று லேயர் வாங்குங்கள். அதோடு இரண்டு ஊர்ப்பேடும் ஒரு சேவலும் கட்டாயம் வையுங்கள். லேயருக்குத் தீன் முடைப்பட்டாலும், கரையானும் சோறும் தின்று ஊர்க்கோழி சமாளிக்கும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். கீரிக்கும் மரநாய்க்கும் இரவில் கூட்டை இறுக்கப் பூட்டுங்கள். ராணிக்கெட் வந்தால் ஒரே கிழமையில் கூடு காலியாகிவிடும். ஆதலால் மிருக வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே தடுப்பூசி போடுங்கள்.

சேவல் விடியப்புறம் கூவினால் அயலார் முகம் சுளிக்க வேண்டாம். அது தொழுகைக்கு எழுப்புகிறது, அதை ஏசாதீர்கள் என்று நபிமொழி இருக்கிறதே.

ஊர்ப்பேடு வைத்திருப்பவர்கள் கீழே ஒரு சொல் எழுதுங்கள். அடைமுட்டை தேவைப்படும் வீடுகள் நமது தெருக்களிலேயே இருக்கின்றன.